தைராய்டு மாத்திரை ஏன் இவ்ளோ மெதுவா வேலை செய்யுது?

தெரிஞ்சவங்கள்ல யாருக்காவது புதுசா தைராய்டு கம்மின்னு ரிப்போர்ட் வந்தா, கொஞ்ச நாள் கழிச்சு எனக்கு கண்டிப்பா ஒரு போன் வரும். "மாத்திரை போட ஆரம்பிச்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, அசதி அப்படியேதான் இருக்கு, இது எனக்கு ஒத்துக்கலயோ"ன்னு கேப்பாங்க. சித்தி கேட்டிருக்காங்க, கூட வேலை பாக்கறவங்க கேட்டிருக்காங்க, மாடி வீட்டு அக்கா கேட்டிருக்காங்க. நான் காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி படிச்சவ, எனக்கும் பல வருஷமா ஹைப்போ, அதாவது தைராய்டு கம்மி, இருக்கு, அதனால என்கிட்ட வர்றாங்க. "ஆறு வாரம் பொறுங்க"ன்னு ஒரு வரில சொல்லி முடிச்சுடலாம்தான். ஆனா ஏன் ஆறு வாரம்ங்கறதுக்கு செல்லுக்குள்ள நடக்கற விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அது தெரிஞ்சவங்க மாத்திரையை நடுவுல நிறுத்த மாட்டாங்கன்னும் நம்பறேன். ஓபில ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கிடைக்கற டாக்டரால இதெல்லாம் உக்காந்து சொல்ல முடியாது, அதனால இங்க கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல வேகமா வேலை செய்யற ஒரு ஹார்மோனைப் பாத்துடலாம். ராத்திரி வண்டில வரும்போது தெருநாய் திடீர்னு குரைச்சுக்கிட்டே தொரத்துனா சில செகண்டுல நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும். அதுல பெரிய பங்கு அட்ரினலினுக்கு, கிட்னிக்கு மேல உக்காந்திருக்கற சின்ன சுரப்பில இருந்து வர்றது. அட்ரினலின் தண்ணில கரையற சாமான், செல்லைச் சுத்தி இருக்கற சவ்வு கொழுப்பால ஆனது, அதனால அது உள்ளயே போக முடியாது. வெளிப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கற பீட்டா ரிசெப்டர்ல (ரிசெப்டர்ன்னா ஹார்மோனைப் புடிச்சுக்கற புரோட்டீன்) போய் ஒட்டும், ரிசெப்டரோட வடிவம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றம் உள்பக்கம் இருக்கற ஜி புரோட்டீனை உசுப்பும், அது ஒரு என்சைமை உசுப்பும், அந்த என்சைம் மளமளன்னு சைக்ளிக் ஏஎம்பின்னு ஒரு குட்டி மூலக்கூறை தயார் பண்ணித் தள்ளும். சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டுபிடிச்ச ஏர்ல் சதர்லாண்டுக்கு 1971ல நோபல் கிடைச்சுது, ஜி புரோட்டீனுக்காக கில்மன், ராட்பெல் ரெண்டு பேருக்கும் 1994ல கிடைச்சுது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா புதுசா எதையும் கட்டல. செல்லுக்குள்ள ஏற்கனவே இருக்கற புரோட்டீன்கள் மேல பாஸ்பேட்டை ஒட்ட வச்சு வேலை வாங்குது, அவ்வளவுதான். அதனாலதான் செகண்டுல வருது, நாய் போயிடுச்சுன்னா கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. ரத்தத்துல அட்ரினலினோட அரை ஆயுள், அதாவது இருக்கறது பாதியாக் குறையற நேரம், ரெண்டு மூணு நிமிஷம்தான்.

இப்ப தைராய்டு ஹார்மோனுக்கு வருவோம். அட்ரினலின், தைராய்டு ஹார்மோன் ரெண்டுமே டைரோசின்ங்கற ஒரே அமினோ அமிலத்துல இருந்துதான் செய்யப்படுது, நாம சாப்பிடற பருப்பு, முட்டை, பால்ல எல்லாம் இருக்கற அதே டைரோசின். ஒரே மூலப்பொருள், ஆனா ஒன்னு செல்லுக்கு வெளியவே நிக்குது, இன்னொன்னு நேரா நியூக்ளியஸ் வரைக்கும் போய் டிஎன்ஏ பக்கத்துல உக்காருது. காலேஜ்ல இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் போகல.

கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பிக்கு முதல்ல வேணும்கறது அயோடின். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், 70 வருஷத்துக்கும் கூட்டிப் பாத்தா 4 கிராம் கூட வராது. ஆனா அது இல்லாம ஒன்னும் நடக்காது. ரத்தத்துல ஓடற கொஞ்சூண்டு அயோடைடை தைராய்டு செல் சோடியத்தோட சேத்து உள்ள இழுக்குது, ரத்தத்துல இருக்கறதை விட 20லேர்ந்து 40 மடங்கு வரைக்கும் உள்ள சேத்து வைக்கும். அப்புறம் தைராய்டு பெராக்சிடேஸ், சுருக்கமா டிபிஓன்னு ஒரு என்சைம், தைரோகுளோபுலின்ங்கற பெரிய புரோட்டீன்ல இருக்கற டைரோசின்கள் மேல அயோடினை ஒட்டும், ரெண்டு டைரோசினை ஒன்னா இணைக்கும். நாலு அயோடின் இருந்தா டி4, மூணு இருந்தா டி3. ரிப்போர்ட்ல பாக்கற அந்த நம்பருக்கு அர்த்தம் இதுதான்.

செஞ்சதை உடனே ரத்தத்துல விடாது. அறுவடை முடிஞ்சதும் நெல்லைக் குதிர்ல கொட்டி வச்சு மாசக்கணக்குல எடுத்து சாப்பிட்ட வீடுங்க மாதிரி, தைராய்டும் சின்னச் சின்ன உருண்டைப் பைகளுக்குள்ள தைரோகுளோபுலினோட சேத்து ரெண்டு மூணு மாசத்துக்குத் தேவையான ஹார்மோனை வச்சிருக்கும், வேற எந்த நாளமில்லா சுரப்பியும் இவ்ளோ சேத்து வைக்கறதில்ல. மெதுவா நடக்கற கதை இங்கயே தொடங்கிடுது. சுரப்பி கெட ஆரம்பிச்சாலும் நமக்கு சட்டுனு தெரியாது.

அடுத்தது ரத்தம். வெளிய வர்ற டி4 அநேகமா எல்லாமே புரோட்டீன்களைப் புடிச்சுக்கிட்டுதான் போகும், பத்தாயிரம் மூலக்கூறுல ரெண்டு மூணுதான் தனியா சுத்தும். செல்லுக்குள்ள போகக்கூடியது அந்தத் தனி ரெண்டு மூணுதான், "ஃப்ரீ டி4"ன்னு டெஸ்ட்ல அளக்கறது அதைத்தான். மிச்சமெல்லாம் கையிருப்பு, தனியா இருக்கறது குறைஞ்சா புரோட்டீன் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். இதனால டி4க்கு கிடைக்கற அரை ஆயுள் கிட்டத்தட்ட 7 நாள். அட்ரினலினுக்கு ரெண்டு மூணு நிமிஷம், இதுக்கு ஒரு வாரம், யோசிச்சுப் பாருங்க.

அந்த 7 நாள்ல இருந்துதான் ஆறு வாரக் கணக்கு வருது. தினமும் ஒரே அளவு மருந்து போட்டா, ரத்தத்துல அதோட அளவு ஏறி ஏறி ஒரு இடத்துல நிலைக்கும், அதுக்கு அஞ்சு அரை ஆயுள் ஆகும்ங்கறது எல்லா மருந்துக்கும் பொதுவான கணக்கு. அஞ்சு தடவை ஏழு 35 நாள். அதாவது மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரக் கடைசில நீங்க போய்ச் சேர வேண்டிய அளவுல பாதிதான் ரத்தத்துல புதுசா ஏறியிருக்கும். அப்ப அசதி போகலன்னு சொன்னா அது மாத்திரையோட குத்தம் இல்ல. டோஸ் மாத்தினாலும் அதே கணக்கு திரும்ப முதல்ல இருந்து, அதனாலதான் ஆறு, எட்டு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. பொறுமை இல்லாம மூணாவது வாரம் லேப்ல போய் எடுத்துட்டு வந்து "டிஎஸ்எச் இன்னும் அதிகமாத்தான் இருக்கு"ன்னு (டிஎஸ்எச் என்னன்னு கீழ சொல்றேன்) தானா டோஸ் ஏத்திக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. இன்னொரு பக்கம், ஒரு நாள் மறந்துட்டா பதறவும் வேண்டாம், ரத்தத்துல இருக்கற கையிருப்பு தாங்கும்.

அடுத்த கட்டம்தான் நிறைய பேருக்குத் தெரியாதது. மாத்திரைல இருக்கறது டி4, லெவோதைராக்சின். ஆனா செல்லுக்குள்ள உண்மையா வேலை செய்யறது டி3. உடம்புல இருக்கற டி3ல கிட்டத்தட்ட 80 சதவீதம் தைராய்டுல செய்யறதே இல்ல, ஈரல், கிட்னி, தசை, மூளைன்னு அந்தந்த இடத்துல டி4ல இருந்து ஒரு அயோடினைக் கழட்டித்தான் வருது. கழட்டற என்சைம் பேரு டீஅயோடினேஸ், மூணு வகை இருக்கு, மூணுலயும் நடுவுல செலினியம் இருக்கும். இதுல மூணாவது வகை தப்பான இடத்துல இருக்கற அயோடினைக் கழட்டும், அப்ப வர்றது வேலை செய்யாத டி3. ஆக ரத்தத்துல ஒரே அளவு டி4 ஓடினாலும், எனக்கு எவ்ளோ வேணும்னு ஒவ்வொரு உறுப்பும் தானே கூட்டிக் கொறைச்சு முடிவு பண்ணிக்குது. மூளை தன்னோட டி3ல பெரும்பகுதியை தானே செஞ்சுக்கும்.

செல்லுக்குள்ள போறதுக்கும் வழி வேணும். தைராய்டு ஹார்மோன் கொழுப்புல கரையறதால சவ்வைத் தானா தாண்டிடும்னு பழைய பாடப் புத்தகத்துல போட்டிருக்கும், அது சரியில்ல, அதுக்குன்னு கடத்தி புரோட்டீன்கள் இருக்கு. எம்சிடி8ன்னு ஒன்னு. அந்த ஜீன் பழுதாப் பொறக்கற ஆண் குழந்தைகளுக்கு ரத்தத்துல டி3 அதிகமாவே இருக்கும், ஆனா மூளைக்குள்ள போய்ச் சேராது, தலை நிக்காது, பேச்சு வராது. ஆலன் ஹெர்ண்டன் டட்லி நோய்னு 1944ல விவரிச்சது, காரணம் இந்தக் கடத்திதான்னு புரிஞ்சது ரொம்ப ரொம்பப் பின்னாடி. ரத்தத்துல ஹார்மோன் இருக்கறது வேற, செல்லுக்குக் கிடைக்கறது வேறங்கறதுக்கு இதை விட வலிக்கற ஒரு உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, டி3 நியூக்ளியஸுக்குள்ள வந்துடுச்சு. அங்க தைராய்டு ரிசெப்டர் ஏற்கனவே டிஎன்ஏ மேல உக்காந்திருக்கு, ஹார்மோன் வந்த பிறகு தேடிப் போய் உக்காரறது இல்ல. பெரும்பாலும் ஆர்எக்ஸ்ஆர்னு இன்னொரு புரோட்டீனோட ஜோடியா சில ஜீன்களுக்குப் பக்கத்துல இருக்கற குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் புடிச்சுக்கிட்டு இருக்கும். ஹார்மோன் இல்லாதப்ப அது சும்மா இருக்காது, அங்கதான் எனக்குப் பிடிச்ச இடம். ஜீனை அடக்கற புரோட்டீன்களைக் கூப்ட்டு வச்சுக்கும், அதுங்க அந்த இடத்து டிஎன்ஏவை இறுக்கமா சுருட்டி வைக்கும், ஜீனைப் படிக்கவே முடியாது. டி3 வந்து ரிசெப்டருக்குள்ள உக்காந்த உடனே ரிசெப்டரோட ஒரு முனை மடங்கி மூடிக்கும், அடக்கற கூட்டம் கழண்டு போகும், தூண்டற கூட்டம் வந்து ஒட்டும், சுருட்டு தளரும், ஜீன் படிக்கப்படும். ரிசெப்டர் ஒன்னுதான், டிஎன்ஏல அது நிக்கற இடமும் அதேதான், ஹார்மோன் இருந்தா திறக்குது, இல்லன்னா மூடுது.

அப்படின்னா தைராய்டு கம்மி ஆனவங்க உடம்புல நடக்கறது வெறும் பற்றாக்குறை இல்ல. காலியா இருக்கற ரிசெப்டர்கள் ஜீன்களை விடாம அடக்கிக்கிட்டே இருக்கு. எலிகள்ல இதைக் காட்டியிருக்காங்க, தைராய்டே வளராத எலிக்குட்டிங்க ஹார்மோன் குடுக்கலன்னா சில வாரத்துல செத்துடும், ஆனா அதே எலிங்கள்ல ஆல்ஃபா வகை ரிசெப்டரையும் சேத்து எடுத்துட்டா பொழைச்சுக்குது. ஹார்மோன் இல்லாம இருக்கறதை விட ஹார்மோன் இல்லாத ரிசெப்டர் இருக்கறது மோசம்!

இந்த ரிசெப்டரோட ஜீனை 1986ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா கண்டுபிடிச்சு ஒரே சமயத்துல வெளியிட்டாங்க. ஆனா இந்த ஹார்மோன் ஜீன்களோட எவ்ளோ ஆழமா விளையாடுதுன்னு உலகத்துக்குக் கோடு காட்டினது அதுக்கு ரொம்ப முன்னாடி, 1912ல, குடர்நாட்ச்ங்கறவர் தலைப்பிரட்டைகளுக்கு குதிரையோட தைராய்டை தீனியா குடுத்தாரு. வளர வேண்டிய நாளுக்கு முன்னாடியே வால் சுருங்கி, கால் முளைச்சு, ஈ அளவுக்கு குட்டித் தவளையா மாறிடுச்சு. வால் செல்லுக்கு சாகச் சொல்லுது, கால் செல்லுக்கு வளரச் சொல்லுது, ரெண்டும் ஒரே டி3 குடுக்கற தகவல்தான். எந்த செல்லுல எந்த ஜீன் பக்கத்துல ரிசெப்டர் உக்காந்திருக்குங்கறதுதான் வித்தியாசம்.

ஜீன் படிக்கப்பட்ட பிறகும் வேலை முடியல. மெசஞ்சர் ஆர்என்ஏ உருவாகணும், அதுல இருந்து புரோட்டீன் செய்யணும், அந்த புரோட்டீன் போதுமான அளவு சேரணும், பழையது அழியணும். மணிக்கணக்கு, நாள்கணக்கு. ரத்தத்துல மருந்து நிலைக்க ஒரு மாசத்துக்கு மேல, அதுக்கு மேல இது. அதனால சிலருக்கு டெஸ்ட் நார்மலுக்கு வந்த பிறகும் தோல், முடியெல்லாம் சரியாக இன்னும் சில மாசம் ஆகும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியற தொந்தரவுகள் எல்லாம் ஒரே வரிசைல வந்து நிக்கும். குளிர் தாங்க முடியலயா, டி3 சோடியம் பம்ப்புகளையும் மைட்டோகாண்ட்ரியாவையும் அதிகமாக்கும், அதுங்க ஓடறப்ப வர்ற சூடுதான் நம்ம உடம்புச் சூடு, அது கொறையுது. நாடித்துடிப்பு கம்மியா இருக்கா, இதயத்துடிப்போட வேகத்தை வைக்கற அயனி வாசல்களோட ஜீன்கள் டி3க்குக் கட்டுப்பட்டது. முகமும் கண் இமையும் ஊதித் தெரியுதா, தோலுக்கு அடியில ஹயலுரானிக் அமிலம் சேந்து தண்ணியைப் புடிச்சு வச்சுக்குது. கொலஸ்ட்ரால் ஏறியிருக்கா, ரத்தத்துல இருந்து கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல்லை இழுக்கற ரிசெப்டரை ஈரல் செய்யறதுக்கு டி3 வேணும். இந்தக் கடைசி விஷயத்தை கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், புதுசா கொலஸ்ட்ரால் அதிகம்னு ரிப்போர்ட் வந்தா மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தைராய்டு பாத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வெயிட்டுக்கு மட்டும் எல்லாத்தையும் தைராய்டு மேல போடறாங்க, அது சரியில்ல, தைராய்டு கம்மியால ஏறற எடை பொதுவா ரெண்டுலேர்ந்து அஞ்சு கிலோதான், அதுலயும் பெரும்பகுதி உப்பும் தண்ணியும்.

ரிசெப்டர்ல ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வகை, இதயத்துலயும் எலும்புலயும் ஆல்ஃபா அதிகம், ஈரல்ல பீட்டா அதிகம். பீட்டாவை மட்டும் தூண்டினா இதயத்தைத் தொடாம ஈரல் கொழுப்பைக் கரைக்கலாமேன்னு பல வருஷம் முயற்சி பண்ணி, ரெஸ்மெடிரோம்னு ஒரு மருந்துக்கு 2024 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, கொழுப்பு படிஞ்சு தழும்பாகிப் போற ஈரலுக்கு. ரிசெப்டர் எங்க எது இருக்குன்னு தெரிஞ்சதால கிடைச்ச மருந்து அது.

அதே காரணத்தால வெயிட் குறைக்கறேன்னு தைராய்டு மாத்திரையை தேவையில்லாம போடறது ஆபத்து. நாம போடற மாத்திரை ரெண்டு வகையையும் தூண்டும், இதயத்துல அட்ரினலினுக்கான பீட்டா ரிசெப்டர்களையும் கூட்டும், துடிப்பு தாறுமாறாகும், எலும்பு கரையும். தைராய்டு அதிகமா இருக்கறவங்களுக்கு ப்ரோப்ரனலால் குடுக்கறது இதனாலதான், மெதுவான ஹார்மோன் வேகமான ஹார்மோனுக்குக் கதவை அகலமாத் திறந்து வச்சிருக்கும், அந்தக் கதவை தற்காலிகமா அடைக்கற மருந்து அது.

இப்ப டிஎஸ்எச். ரிப்போர்ட்ல "டிஎஸ்எச் அதிகம்"னு பாத்துட்டு எனக்கு தைராய்டு அதிகம்னு நினைச்சுக்கறவங்க நிறைய. அது தைராய்டு சுரக்கறது இல்ல, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி தைராய்டைப் பாத்து "செய், செய்"ன்னு அனுப்பற ஹார்மோன். டி3 போதுமான அளவு இருந்தா பிட்யூட்டரில டிஎஸ்எச் ஜீன் அடங்கும், இல்லன்னா திறக்கும், மத்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். டி4 கொஞ்சம் இறங்கினாலே டிஎஸ்எச் பல மடங்கு ஏறும், அதனாலதான் டி4 நார்மலுக்குள்ள இருக்கும்போதே டிஎஸ்எச் காட்டிக் குடுத்துடுது. பிட்யூட்டரியை மேல இருந்து இயக்கறது டிஆர்எச், வெறும் மூணு அமினோ அமிலம். அதைப் பிரிச்செடுக்க கியமன் குழு லட்சக்கணக்கான ஆட்டு மூளைத் துண்டுகளையும் ஷாலி குழு பன்னி மூளைகளையும் அரைச்சாங்க, 1969ல அமைப்பு தெரிஞ்சுது, 1977ல ரெண்டு பேருக்கும் நோபல். அந்த வருஷம் அவங்களோட பகிர்ந்துக்கிட்டவர் ராசலின் யாலோ. ரத்தத்துல இவ்ளோ கொஞ்சமா இருக்கற ஹார்மோனை அளக்கற ரேடியோ இம்யூனோஅஸ்ஸே முறையை பெர்சன்ங்கறவரோட சேந்து உருவாக்கினது அவங்கதான், பெர்சன் 1972லயே போயிட்டாரு. இன்னைக்கு நம்ம தெருமுனை லேப்ல சாயந்திரத்துக்குள்ள ரிசல்ட் வர்றதுக்கு வேர் அங்க இருக்கு.

காரணம் என்னன்னு எல்லாரும் கேப்பாங்க. இப்ப டவுன்ல பாக்கற ஹைப்போல பெரும்பகுதி ஹாஷிமோட்டோ, நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கறது. 1912ல ஹகாரு ஹாஷிமோட்டோன்னு ஒரு ஜப்பான் டாக்டர் நாலு பெண்களோட சுரப்பியை மைக்ராஸ்கோப்ல பாத்து ரத்த வெள்ளை அணுக்கள் மொய்ச்சிருக்குன்னு எழுதினாரு. ஆன்ட்டி டிபிஓ டெஸ்ட்டுன்னா மேல சொன்ன அந்த டிபிஓ என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கான்னு பாக்கறது. இதுக்கு அயோடின் நெறைய சாப்பிட்டு சரி பண்ண முடியாது, அதிகமானா இன்னும் கெடும்.

அயோடின் பற்றாக்குறை வேற கதை, அதையும் மறந்துடக்கூடாது. இமாசலப் பிரதேசத்துல காங்க்ரா பள்ளத்தாக்குல கழுத்து வீக்கம் ஊர் ஊரா இருந்தப்ப, 1950கள்ல ஆரம்பிச்ச ஆய்வுல டாக்டர் ராமலிங்கசாமி குழு உப்புல அயோடின் சேத்துக் குடுத்து குறையறதைக் காட்டினாங்க, அதை வச்சு 1962ல தேசியத் திட்டம் வந்துச்சு. 2006லேர்ந்து சாப்பாட்டுக்குன்னு விக்கற உப்புல அயோடின் கட்டாயம், வீட்டுக்கு வர்றப்ப குறைஞ்சது 15 பிபிஎம் இருக்கணும். தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம்மகிட்ட இருக்கறதால கல்லுப்பு நமக்கு பழக்கம், கடல்ல இருந்து வர்றதால அதுல அயோடின் தானா இருக்கும்னு நிறைய வீட்ல சொல்வாங்க, ஆனா உப்பளத்து உப்புல அது ஏறக்குறைய இருக்காது, சேத்தாத்தான் உண்டு. கல்லுப்பே வேணும்னாலும் அயோடின் சேத்ததான்னு பாக்கெட்டைப் பாத்து வாங்குங்க, மூடி போட்ட டப்பால வைங்க. முட்டைக்கோஸைப் பாத்து பயப்பட வேண்டாம், அயோடின் சரியா கிடைக்கறவங்க வேக வச்சு சாப்பிடறதுக்கு ஒன்னும் ஆகாது.

மாத்திரை எப்படிப் போடறதுங்கறதுலதான் நம்ம ஊர்ல பாதி பிரச்சினை. காலைல வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரம் ஒன்னும் சாப்பிடக்கூடாது, அந்த ஒன்னும்ல ஃபில்டர் காபியும் சேத்திதான். காபி மருந்து உறிஞ்சப்படறதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் குடல்லயே டி4ஐ புடிச்சு வச்சுக்கும், அதனால நாலு மணி நேரம் இடைவெளி வேணும். பான்டோபிரசோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை தினமும் போடறவங்களுக்கும் உறிஞ்சறது குறையலாம், டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லுங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் அதிக டோஸ்ல போடறவங்க டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்துங்க. பல லேப் மெஷின்கள் பயோட்டினை வச்சே அளக்கறதால டிஎஸ்எச் பொய்யா குறைஞ்சும் டி4 பொய்யா ஏறியும் வரும்.

1891ல நியூகாசில்ல ஜார்ஜ் முர்ரேங்கற டாக்டர் ஆட்டுத் தைராய்டுச் சாறை 46 வயசு பெண் ஒருத்தங்களுக்கு ஊசியா போட்டாரு, அவங்க அதுக்கப்புறம் 28 வருஷம் வாழ்ந்தாங்க. 1914 கிறிஸ்துமஸ் அன்னைக்கு கெண்டல்ங்கற அமெரிக்க வேதியியலாளர் தைராக்சினை, அதாவது டி4ஐ, படிகமா பிரிச்செடுத்தாரு. இப்ப நாம போடற சின்ன வெள்ளை மாத்திரைல இருக்கறது அதே மூலக்கூறு, சுரப்பி செய்யறதுக்கும் அதுக்கும் எந்த வித்தியாசமும் இல்ல. "வாழ்நாள் பூரா கெமிக்கல் சாப்பிடணுமா"ன்னு கலங்கறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

கடைசியா கர்ப்பம் பத்தி, ஏன்னா இந்த ஒரு இடத்துல மட்டும் மெதுவா பாத்துக்கலாம்னு இருக்க முடியாது. முதல் மூணு மாசம் குழந்தைக்கு தைராய்டு ஹார்மோன் அம்மாகிட்ட இருந்துதான் போகணும், அதோட சொந்த சுரப்பி நல்லா வேலை செய்ய ஆரம்பிக்க கிட்டத்தட்ட அஞ்சு மாசம் ஆகும். மூளை செல்கள் சரியான இடத்துக்கு நகர்றதுக்கும் இணைப்பு போடறதுக்கும் வேண்டிய ஜீன்கள் திறக்கற காலம் அது. அதனால ஏற்கனவே மாத்திரை போடற பொண்ணுங்களுக்கு கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டோஸ் ஏத்த வேண்டி வரும், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

பொறந்த குழந்தைக்கும் தைராய்டு சரியா வளராம இருக்கலாம், உலக அளவுல 2000லேர்ந்து 4000 குழந்தைக்கு ஒன்னுன்னு சொல்வாங்க, இந்தியால அதை விட அதிகம். பாக்க நல்லாத்தான் இருக்கும், அழும், பால் குடிக்கும், அறிகுறி தெரிய ஆரம்பிக்கறப்ப நாள் போயிருக்கும், ஏன்னா மூளைல அந்த ஜீன்கள் திறக்க வேண்டிய காலம் ஒரு தடவைதான் வரும். குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டிஎஸ்எச் பாத்தா போதும், ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரையைப் பொடி பண்ணி கொஞ்சம் தாய்ப்பால்ல கலந்து குடுக்க ஆரம்பிச்சா அந்தக் குழந்தை மத்த குழந்தைங்க மாதிரியே வளரும். எல்லா ஆஸ்பத்திரிலயும் இந்த டெஸ்ட் தானா எடுத்துட மாட்டாங்க. உங்க வீட்ல பிரசவம் நெருங்குதுன்னா முன்கூட்டியே கேட்டு வைங்க, ரிசல்ட்டை அவங்களே போன்ல சொல்வாங்களா இல்ல நாம போய் வாங்கணுமாங்கறதையும் சேத்துக் கேளுங்க.